ஆடும் திசை

சம்மாந்துறையில் மில் ஓடும் வரை
எதுவும் மிதக்காது.
உமி பறக்கும், மேசை நடுங்கும்,
வில்லைக்குக் கீழே கதிர் வெடவெடக்கும்.
இஷா முடிந்து
கடைசி லொறியும் நெல்லை இறக்கிப் போன பிறகுதான்
நானும் ஜனூபாவும் ஆய்வுகூடக் கதவைச் சாத்துவோம்.

சிலிக்காத் துணிக்கை. விட்டம் நூறு நானோமீற்றர்.
அதை ஊதி விடுவது
கல்முனைப் பார்மசியில் வாங்கிய நெபுலைசர்,
இழுப்புக்காரருக்கு மூச்சுக் கொடுக்கிற அதே சாமான்.
ஆயிரம் ஆயிரமாய்ப் புகைபோலக் கடந்து போகும்.
ஒன்று மட்டும் போகாது.
பச்சை லேசரின் இடுக்கில்
கொளுவுப்பட்டு நிற்கும்.

ஆரம் பாதியானால்
அது சிதறும் ஒளி அறுபத்துநாலில் ஒரு பங்கு.
இந்தக் கணக்குத் தெரிந்த நாளிலிருந்து
இல்லை என்று சட்டென்று சொல்ல
எனக்கு வாய் வருவதில்லை.

அன்று என் திரையில் ஒரு புள்ளி.
"பிடிச்சிட்டம்" என்றேன்.
"எங்க? ஒண்டுமில்ல புள்ள."
அவளுடைய கமரா ஜன்னல் பக்கம்,
என்னுடையது கதவுப் பக்கம்,
முதுகோடு முதுகாக இரண்டு கதிரைகள்.
"விழுந்திட்டு."
"நிக்குது."
"உனக்குக் கண்ணில கோளாறு."
கமராவைத் துடைத்தாள்,
வயரைக் கழற்றிப் பூட்டினாள்,
கடைசியில் என்னைக் கள்ளி என்றாள்.

அரையலைத் தட்டை
நாற்பத்தைந்து பாகை திருப்பினேன்.
என் திரை அணைந்தது.
பின்னால் அவள் கதிரை கிறீச்சிட்டது.
"வந்திட்டு!"

ஒளி எந்தத் திசையில் பிடித்து உலுப்புகிறதோ
அந்தத் திசைக்கு மட்டும்
துணிக்கை வெளிச்சம் தராது.
பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய சமன்பாடுதான்,
சைன் வர்க்கம்.
தாளில் இருந்தபோது
அதற்கு ஜன்னல் பக்கமும் இல்லை, கதவுப் பக்கமும் இல்லை,
கோபித்துக்கொள்ள ஒரு ஜனூபாவும் இல்லை.

தட்டை வந்த வழியே
பாதித் தூரம் திருப்பி விட்டேன்.
இரண்டு திரையிலும் இப்போது அது
மங்கலாக,
ஆளுக்கு அரைவாசி.
"இப்படியே கிடக்கட்டும்" என்றாள்.
தரவுக்கு உதவாத வெளிச்சம். கிடக்க விட்டோம்.

பத்தேகாலுக்குக் கரண்ட் போனது.
விழுந்த சத்தம் எங்கே கேட்க?
மில் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
"இப்ப உனக்கும் ஒண்டுமில்ல"
என்று இருட்டுக்குள் இருந்து சொன்னாள்,
சிரித்தாளா என்று தெரியவில்லை.
நெபுலைசரைத் தடவி எடுத்துக்
காதோரம் வைத்துக் குலுக்கினாள்.
கொஞ்சம் கிடந்தது.