மூன்று காலித் தோம்பு

தௌக்கே தியோவின் கடையிலிருந்து கடுதாசி வந்தபோது
கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.
மாவுக் கையோடு வாங்கினேன்.
தொகையின் மேல் என் கட்டைவிரல்
எண்ணெயாய்ப் படிந்தது:
இருநூற்று ஐம்பத்திரண்டு வெள்ளி.
கடைசிக் கணக்கு என்று சிவப்பு முத்திரை.
திருப்பித் தராத காலித் தோம்பு மூன்று,
ஒன்றுக்கு எண்பது.
அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்,
லாயின்-லாயின் பன்னிரண்டு.

ஒன்பது வருஷம் அவரிடம்தான் கேஸ் எடுத்தேன்.
பள்ளி திறந்த முதல் நாள் காலை ஆறரைக்கு
நாற்பது உருண்டை மாவு பிசைந்து கிடக்க
அடுப்பு ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.
போன் போட்டேன், வரும் என்றார்.
பதினொன்றுக்கு வந்தது.
மறுநாளே வேறு கம்பெனிக்கு மாறினேன்.
சொல்லிவிட்டுத்தான் மாறினேன்.
போ என்றார், ஹொக்கியனில் இன்னும் ஏதோ சொன்னார்,
அது இந்தக் கடுதாசியில் இல்லை.

சுவரில் தொங்கும் காலண்டர் அவர் கொடுத்ததுதான்,
பந்தய நாளுக்கெல்லாம் குதிரைத் தலை போட்டது.
தோம்பு வந்தால் தேதியைச் சுற்றி வட்டம்,
காலி போனால் வட்டத்துக்குள் பெருக்கல்.
ஐந்து மாதத் தாளையும் கழற்றி மடித்துக்கொண்டு
ஜாலான் பேராக் வெயிலில் நடந்தேன்.

என் வட்டங்களை அவர் பார்க்கவே இல்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூன்று ரசீதைச் சீட்டுக்கட்டு போல விரித்தார்.
யார் கையெழுத்து?

முதல் இரண்டில் ஆங்கிலம், கோழி கிளறிய மாதிரி.
அந்தத் தேதிகளில் எனக்கு வட்டமே கிடையாது.
லோரி ஓட்டும் சுல்பி
வேறு யார் கடையிலோ இறக்கியதை
என் பேரில் எழுதியிருக்க வேண்டும்.
நான் தமிழில்தான் போடுவேன், தௌக்கே,
பேங்கில், மகள் பள்ளியில், எங்கேயும்
பூங்கோதை என்று முழுசாக.
சுருக்கினால் வெறும் பூ.
பூ கேஸ் வாங்குமா?

அவர் சிரிக்கவில்லை.
மூன்றாவதை ஒரு விரலால் முன்னே தள்ளினார்.

பூவுக்கு நான் போடும் சுழி
வழக்கம்போல் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.
பக்கத்தில் எண்ணெய்க் கட்டைவிரல்.

பார்க்கிறேன், என்றேன்.

கடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மைத் தாங்கும் பலகைக்கு
ஒரு பக்கம் செங்கல்,
மறுபக்கம் நான்கு மாதமாய்த் துருவேறும் தோம்பு.
அதன் கழுத்தில்தான் கைத்துணியைக் காயப்போடுகிறேன்.
கண் தினமும் பார்த்தது,
கணக்குதான் பார்க்கவில்லை.

இரண்டு ராத்திரி அதை அங்கேயே விட்டுவைத்தேன்.
அவர் இரண்டு கூட்டினார்,
நான் ஒன்று குறைத்தால் என்ன
என்று ஒரு வாய்ப்பாடு
தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் நாள் செங்கல் வாங்கினேன்.
டிரம்மைக் காலி செய்து, நகர்த்தி,
மாவு தட்டும் தில் பகதூர் மோட்டார் ஓட்ட
பின்னால் உட்கார்ந்து
தோம்பைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

தௌக்கே அதை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார்,
தூக்கிப் பார்த்தார், ஓரமாய் உருட்டினார்.
மூன்று எண்பதையும் அடித்தார்.
ரெண்டைச் சுல்பி சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.
பிடிக்காதே என்று நாக்கு வரைக்கும் வந்தது.
சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

மிச்சம் பன்னிரண்டு வெள்ளி.
இது என்ன?
லாயின்-லாயின்.
அப்படியென்றால்?
மற்றது.
எந்த மற்றது?
மற்றதெல்லாம்.

அவர் மனைவி இரண்டு கோப்பி ஓ கொண்டுவந்து வைத்தார்.
விசிறிக் காற்றில் ரசீதுகள் பறக்கப் பார்த்தன,
அவர் ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.
நான் நாற்காலியை இழுத்துப் போட்டு
காலண்டர் தாளை
மறுபடி விரித்தேன்.