கடைசி வண்டி

பன்னிரண்டு முதுகுகள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வாய்த்த காட்சி அதுதான்.
கூட்டத்துக்கு வாலாக வருபவள் நான்.
யாரும் பின்தங்கினால் நிற்க வேண்டும்,
யாரும் விழுந்தால் இறங்க வேண்டும்.
சம்பளமில்லாத உத்தியோகம்.

கோடைச் சவாரி என்று
அறிவிப்பில் எழுதியிருந்தார் ஜெகதீசன்.
இந்த ஊரில் டிசம்பரிலும் இதே வெயில்தான்,
கொஞ்சம் ஈரத்துணி போர்த்திக்கொண்டு வரும்.
ஆனாலும் ஜூன். பள்ளி விடுமுறை. சாலை காலி.
கோடை என்றே இருக்கட்டும்.

ஏழு மணிக்கு ஜாலான் காயுவில்
முட்டை பரோட்டா, மீன் குழம்பு, சீனி குறைத்த தே ஓ.
பெங் ஹுவாட் தன் ஆயிரத்து இருநூறு சிசியை
மூன்றாம் முறையாகத் துடைக்கிறார்.
சிஓஇ விலை சொல்லி யாரோ பெருமூச்சு விட,
தட்டு வருகிறது,
பேச்சு நிற்கிறது.

மண்டாய் தாண்டி லிம் சூ காங்.
தீவில் எனக்குத் தெரிந்து நேராக நீளும் சாலை.
தேவைப்பட்டால் போர்விமானம்கூட இறங்குமாம்.
நான்காவது கியர், ஐந்தாவது,
இன்னொன்று இருக்காதா என்று கால் தேடும்போதே
கடல் வந்துவிடுகிறது.
எதிரே ஜொகூர்.
எங்களுக்குத் தூரம் என்பது
திரும்பித் திரும்பிச் சேர்த்துக்கொள்வது,
உண்டியல் காசு மாதிரி.

பின்னால் வந்தால் முதுகு படிக்கப் பழகிவிடும்.
ஜெகதீசனுடையது வங்கி மேலாளரை இன்னும் இறக்கிவைக்கவில்லை.
நூருல் ஹெல்மெட்டுக்குள் பாடுகிறாள்,
பாட்டு தெரியாது, தோளில் தாளம் தெரியும்.
தர்ஷிகா போன வருடம்வரை
கணவரின் பின்னிருக்கையில் வந்தவள்.
இப்போது அவள் ஓட்டுகிறாள்,
பின்னிருக்கையில் ஒரு பை ரம்புத்தான்
பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.
என் முதுகை யாரும் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு பிகேஇயில் மழை.
தூறல் என்ற முன்னுரையே இல்லை.
மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம்.
எங்களுக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம்:
ஜே எழுத்துப் பலகை வண்டிகள்,
சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள்,
பெட்டிக்குள் யாருடைய நூடுல்ஸோ ஊறிக்கொண்டு.

ஓரத்தில் ஒருவர் உதைத்துக்கொண்டே இருந்தார்.
பழைய காப்சாய். இருமியது, பேச மறுத்தது.
காற்றுக்காகச் சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தார்,
ஜிப் முதுகில்.
காலையிலிருந்து முதுகுகளையே பார்த்துவந்த எனக்கு
ஒரு கணம் குழப்பம்:
இவர் வருகிறாரா, போகிறாரா?

பெயர் ரோஸ்லான்.
இரவுக் காவல் முடிந்து மாசாய் திரும்புகிறார்.
பிள்ளைக்குப் பிறந்தநாள், மனைவிக்குக் காய்ச்சல்,
அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை.
தூக்கம் வருகிறது என்றார்.

பெங் ஹுவாட் வெளிர்நிறக் கால்சட்டையோடு
எண்ணெய்த் தரையில் மண்டியிட்டார்.
பையன் ஒருவன் ஸ்பேனர் நீட்டினான்.
பிளக்கைக் கழற்றி, ஊதி,
காலையில் தன் வண்டியைத் துடைத்த அதே துணியில்
துடைத்துத் துடைத்து மாட்டினார்.
எட்டாவது உதையில் அது பேசியது.
பாலத்தடியில் ஒரே கைதட்டல்.
நூடுல்ஸ் பையன் மட்டும் மணி பார்த்தான்.

மழை விட்டது.
செம்பவாங்கில் மதியச் சாப்பாடு என்பது திட்டம்.
திரும்ப வேண்டிய வழியைக் கடந்து போனோம்,
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அவரை நடுவில் விட்டு, அறுபதில்.
அந்தக் கிழட்டுக் காப்சாயின் நடைக்கு
ஆயிரத்து இருநூறு சிசி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது.
பின்னாலிருந்து எண்ணினேன்.
பதின்மூன்று.
ஒன்றில் ஜிப்.

சோதனைச் சாவடிக்கு முன் கடைசி வெளியேற்றம்.
என் பாஸ்போர்ட் வீட்டு இழுப்பறையில்.
எங்கள் சிக்னல்கள் எல்லாம் இடப்பக்கம் கண்சிமிட்ட
அவர் மட்டும் நேராக.
திரும்பிப் பார்க்கவில்லை.
இடது கை ஒருமுறை உயர்ந்தது,
லாரிகளுக்கு நடுவே அந்த ஜிப்
கொஞ்ச தூரம் மின்னியது.

ஒதுங்கி நின்றதும் ஜெகதீசன் கண்ணாடியில் என்னைத் தேடினார்.
எல்லாரும் இருக்கிறார்களா?
எண்ணினேன். பன்னிரண்டு.
சரியான கணக்குதான்.
கட்டைவிரலை உயர்த்த
ஏனோ சற்று நேரமானது.