பன்னிரண்டு சென்டிமீட்டர்

போன வண்டியையும் நான்தான் ஏற்றி வந்தேன்,
மூணு வருசம் முந்தி.
இதையும் நானே.
அவினாசி ரோட்டு ஷோரூமில் ஏற்றி
பல்லடம் தாண்டித் திருமூர்த்தி அண்ணன் நூல்மில்லில் இறக்கணும்.
நாற்பத்தொரு கிலோமீட்டர். பதினேழு வேகத்தடை.
வண்டிக்கும் தரைக்கும் நடுவே பன்னிரண்டு சென்டிமீட்டர்.

மணிக்கு முந்நூற்று நாற்பது போகுமாம்.
என் முதுகில் முப்பத்தைந்தில் வந்தது,
நாலு சக்கரத்துக்கும் வார் கட்டி,
கண்ணபுரம் சந்தைக்குப் போகும் காளை மாதிரி
பின்பக்கம் பார்த்துக்கொண்டு.

"பழசுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"
ஷோரூம் பையன் வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே சொன்னான்:
அது பத்து சிலிண்டர், மூச்சைத் தானே இழுக்கும்.
இது எட்டு. ரெண்டு டர்போ, மூணு மோட்டார், ஒரு பேட்டரி.
நூறைத் தொட அரை வினாடி மிச்சம்.

அரை வினாடி.
சூலூர் சிக்னலில் நின்றபோது
அதை எதில் போட்டு வைப்பார்கள் என்று யோசித்தேன்.
பக்கத்தில் கறிக்கோழி வண்டி.
தார்ப்பாய்மேல் ஒரு இறகு வந்து உட்கார்ந்தது,
பல்லடம் வரை இறங்கவில்லை.

மில் வாசலில் அண்ணன் வண்டியை ரெண்டு சுற்று சுற்றினார்.
"நீதானப்பா ரெண்டையும் சுமந்தவன்.
சொல்லு, இது வேணுமா?"
பணம் கட்டியாகிவிட்டது. எனக்கும் தெரியும், அவருக்கும்.
"எடை கூடங்ணா. வின்ச்சு முனகுது," என்றேன்.
சிரித்தார். சித்தெ நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஷிப்ட் முடிந்து வேனுக்கு நின்ற பெண்கள்,
போன தடவை காதைப் பொத்திக்கொண்டு கத்தினவர்கள்,
இந்தத் தடவை திரும்பவே இல்லை.
பேட்டரியில் உருண்டது;
சரளைக்கல் நெரிபடும் சத்தம் மட்டும்.

வேணுமா வேண்டாமா என்று பேச எனக்கு யோக்கியதை கிடையாது.
இறக்கினதுக்கு ஒரு வாடகை,
பழசைத் திருப்பி எடுத்துப்போக இன்னொன்று.
என் லாரியின் இந்த மாசத் தவணையை
அந்த அரை வினாடிதான் கட்டுகிறது.

பழசு பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே உறையோடு கிடந்தது.
மீட்டரில் ஆயிரத்து நூறு.
சர்வீசுக்கு என் முதுகில் போய்வந்தது அதைவிடக் கூட.

"வின்ச்சு வேண்டாம், ஓட்டியே ஏத்து,"
சாவியை எறிந்தார்.
சாய்பலகை ஆறு மீட்டர்தான்.
காலை வைத்தேன்.
பத்து சிலிண்டரும்.

திரும்பும்போது காரணம்பேட்டை வரைக்கும்
ரேடியோ போடவில்லை.