பலூடா நிறம்

சம்மாந்துறை ஆலைக்கு நெல் வந்து இறங்கும் மாசி.
தராசுக்குப் பக்கத்து அறையில்
ஒரே கொம்பியூட்டரில் இரண்டு கணக்குத் திறந்து கிடக்கும்.
ஒன்று மெய்.
மற்றது, வேலைக்கு வரும் பொடியன்கள் கைபழக
நான் எழுதிக் கொடுத்த பொய்.
இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே சாம்பல் டூல்பார்.
அது என் பிழை.

நாவிதன்வெளி பூபாலபிள்ளையின் அறுபத்திரண்டு மூட்டை
ஒரு செவ்வாய்க்கிழமை
பொய்க்குள் போய் ஏறிற்று.
சனிக்கிழமை காசுக்கு வந்தவர் துண்டை நீட்ட,
மெய்க்கணக்கு அவரைத் தெரியாதென்றது.
றிஸ்மியா மூன்று மணிநேரம் தேடினாளாம்.
அந்த மூன்று மணிநேரமும் அவர்
வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லையாம்.

முஸம்மில் ஹாஜியார் கோல் எடுத்தார்.
"மேல்பட்டைக்கு நிறத்தப் போடுங்க தம்பி,
அரைக்கண்ணில பாத்தாலும் பிடிபடணும்."

நிறம் போடுவது ஒரு வரி.
மெய்க்கணக்கின் பின்னணி: சிவப்பு.
எழுதினேன், ஓட்டினேன்.
சாம்பல்.
இலக்கத்தில் எழுதினேன். சாம்பல்.
பட்டையிடமே கேட்டேன், உன் நிறம் என்ன என்று.
சிவப்பு என்றது, சாம்பலாய் நின்றுகொண்டே.

கல்லடியில் அன்று இரவு கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
பிறகுதான் விளங்கிற்று:
பட்டை பொய் சொல்லவில்லை.
தீட்டுகிறவன் வேறு ஆள்.
நான் சொல்லிவிட்டுத் திரும்ப,
விண்டோஸின் ஆள் ஒருவன் வாளியோடு வந்து
தன் வழமைப்படி ஊற்றிவிட்டுப் போகிறான்.
அவனை நிற்பாட்டி
எனக்கென்று ஒரு தீட்டுகாரனை எழுதினேன், பதினொரு வரியில்.
அகலத்தை எடு. உயரத்தை எடு.
செவ்வகத்தை நிரப்பு.
வேறு எதையும் தொடாதே.

ஒன்றேகாலுக்குச் சிவந்தது.
அடியில் மட்டும் ஒரு பிக்சல் தடிப்பில்
வெள்ளைக் கோடு.
அது போகவில்லை.

"செவப்பா?" என்றார் ஹாஜியார்.
"எலக்சன் வருது. பச்சையெண்டா ஒரு கூட்டம் கேக்கும்,
நீலமெண்டா மற்றது.
மஞ்சளச் செவப்போட சேத்தும் வெச்சிராதீங்க.
நாம எல்லாரிட்டயும் நெல்லு வாங்குற ஆக்கள்."

றிஸ்மியா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
"பத்து மணித்தியாலம் இதப் பாக்கிறவ நான்.
செவப்பப் பாத்துப் பாத்து
நாலு நாளையில அதுவும் சாம்பலாப் போகும்.
மெய்ய அப்பிடியே உடுங்க.
அதுக்கு என்னத்துக்குச் சாயம்?
பொய்க்குப் பூசுங்க."

உமி ஊதும் இயந்திரம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிற்று.
ஐந்து வருடமாய் நான் இந்த வேலை செய்கிறேன்.

பிறகு ஹாஜியார் கேட்டார்:
"அப்ப, பொய்க்கு யார்ர நிறம்?"

மெய்க்கு வேண்டாம் என்ற நிறங்களை
பொய்க்கென்று சொல்ல வாயெடுக்கவே பயமாயிருந்தது.
தராசுக்காரன் கதவில் வந்து நின்று
ஊதா என்றான். அதற்கும் ஒரு காரணம் வந்தது.
மண்ணிறம், உமி நிறம்.
சாம்பலுக்குப் பக்கத்தில் அதுவும் சாம்பல்தான்.

மேசையில் அவள் பாதி குடித்த பலூடா.
"இந்த நிறத்தில கொடி தெச்ச கட்சி இருக்கா?"
மூவரும் யோசித்தோம். இல்லை.
போனில் படம் பிடித்து,
கசகசா ஒதுங்கிய இடமாய்ப் பார்த்து நிறத்தை எடுத்தேன்.
இருநூற்று நாற்பத்து நாலு,
நூற்று அறுபத்தாறு, நூற்றுத் தொண்ணூறு.

இப்போது புதுப் பொடியன் சஜாத்
பலூடாவுக்குள் இருந்துகொண்டு
ஆயிரம் மூட்டை வாங்குகிறான், விற்கிறான்,
கோடீஸ்வரனாகிறான், அழித்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகிறான்.
சாம்பலுக்குள்
அறுபத்திரண்டு மூட்டை ஒழுங்காய் நிற்கிறது,
நாள் மட்டும் நாலு பிந்தி.

வெள்ளைக் கோடு இன்னமும் உண்டு.
றிஸ்மியா கண்டதாய்ச் சொல்லவில்லை.
நானும் காட்டவில்லை.