நாற்பத்தெட்டாம் அத்தியாயம்

சுங்க அட்டவணையில்
காகிதமும் அட்டையும் நாற்பத்தெட்டாம் அத்தியாயம்.
திபிலீசி, மூன்றாம் மாடி, ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றாமல் கோடு போடுகிறேன்:
நீலம் எங்கள் ஜார்ஜியா,
சிவப்பு ஆர்மேனியா.

பத்து வருடமாய் இரண்டும் முட்டிமோதி ஏறுகின்றன.
"ஏறியது விலை" என்கிறாள் சுஷானிக்
எரிவானிலிருந்து, தொலைபேசியில்.
"எடையைப் பார், அதே டன்தான்.
யாரும் ஒரு பக்கம்கூட அதிகம் எழுதிவிடவில்லை."

காலி அட்டைப்பெட்டி எல்லை தாண்டினால் அட்டை.
உள்ளே ஆறு புட்டி வைத்துவிட்டால்
வெறும் ஒயின்;
பெட்டி கணக்கில் கரைந்துபோகும்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.
நாங்கள் இன்னும் சந்தித்ததில்லை.

ஒரு மார்ச்சில் சிவப்பு சட்டென்று சரிந்தது.
என் கூட்டலில்தான் பிழையென்று
விடியும்வரை தேடினேன்.
பிழையில்லை, பனிச்சரிவு.
அவள் ஊருக்கான லாரிகள் பதினோரு நாள்
கஸ்பேகியில் நின்றன.
எங்கள் மண்ணில் நின்ற காகிதம்
என் கோட்டிலும் இல்லை,
அவள் கோட்டிலும் இல்லை.

பாதை திறந்து நகரம் கடந்த
ஹமாயக்கின் லாரியில்
மடித்த தாள் ஒன்று கொடுத்தனுப்பினேன்.
மதிப்பு எவ்வளவென்று
அவர் கேட்கவில்லை.

ஏப்ரலில் சிவப்பு மறுபடி ஏறியது.
அதில் சேராதது
அந்த ஒன்றுதான்.