பேர் வெட்டின தாள்

மீன்மா மூட்டை பதினாலாயிரம் என்று
மல்லாவிக் கடையில் சொன்ன அன்று
கணக்குக் கொப்பியை மூடி வைத்தேன்.
சூடையையும் சாளையையும் கடலில் வாரி,
காயவைத்து, இடித்து, லொறியில் ஏற்றி,
வவுனிக்குளத்துப் பக்கம் என் இரண்டு தொட்டித்
திலாப்பியாவுக்குத் தீத்துவது.
ஒரு மீன் வளர எத்தனை மீன்?
கூட்டிப் பார்த்தால்
கடலிடமே கடன்.

விரிவாக்கத்துக்கு வந்த பெடியன் அபிதரன்
படம் போட்ட தாள் ஒன்று தந்தான்:
'கறுப்புச் சிப்பாய் இலையான் வளர்ப்பு.'
கொழும்பில் பிறந்து பேராதனையில் படித்தவன்.
அவனுக்கு அது ஒரு பூச்சியின் பேர்.
நான் பேனை எடுத்து
நடுச்சொல்லை வெட்டினேன்.
"ஏன் அக்கா?"
"எழுத்துப் பிழை."

நீலப் பரல் இரண்டு, பாதியாய் அறுத்தது.
அழுகின பப்பாசி, சந்தையில் எறிந்த பூசணி,
தவிடு, புளித்த சோறு.
கொஞ்ச நாளில் மூடியைத் திறந்தால்
உலையில் கொதிக்கிற சோறு மாதிரி
வெள்ளையாய், சூடாய், சரசரத்தபடி.
கையை விடுங்கோ என்றான்.
ஏலாது என்றேன்.
அருவருப்புத்தான், பழகீடும் என்றான்.

புழு எனக்குப் பழக்கம்.
ஒரு தறப்பாளுக்குக் கீழே
மருந்து முடிந்த கிழமையில்
ஒரு காலிலிருந்து
ஊசிமுனையால் ஒவ்வொன்றாய் எடுத்திருக்கிறேன்.
எண்பது வரை எண்ணினேன்.
பிறகு எண்ணத் தேவை இருக்கவில்லை.

இதை அவனுக்குச் சொல்லவில்லை.
கையுறை இருக்கா என்று கேட்டேன்.

காய்ந்த புழுவோடு
கனகலிங்கத்தின் மில்லுக்குப் போனேன்.
"மிளகாய் அரைக்கிற மெசினுக்க
இதைப் போட்டா
சனம் என்னை அரைச்சுப்போடும்."
வாசலிலேயே மறித்துவிட்டான்.
வீட்டு உரலில் இடித்தேன்.
அந்த உரலில் இனி அரிசி இல்லை.
தவிடு, புண்ணாக்கு, மரவள்ளி மா,
எல்லாம் பிசைந்து இடியப்ப உரலில் பிழிந்து
தகரத்தில் காயவைத்து உடைத்தால்
தீன்.

முதல் நாள் மீன் துப்பியது.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் காலை
தண்ணீர் வெடித்தது.

வலைக்கூட்டுக்குள் இப்போது இலையான் பறக்கிறது.
அதுக்குத் தின்ன வாயில்லை அக்கா, என்கிறான் அபிதரன்.
புழுவாய் இருக்கையில் தின்றதோடு சரி.
சிறகு வந்த பிறகு கடிக்காது, கொத்தாது,
சோற்றில் வந்து குந்தாது,
ஒரு கிழமை வெளிச்சத்தில் நின்று
காட்போட் மட்டைக் கீறலுக்குள் முட்டை வைத்துச் செத்துப்போகும்.
"அப்ப ஏன் அதுக்கு அந்தப் பேர்?"
அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் வெறுமை.

நேற்றுக் கனகலிங்கம் வந்தான்,
பெருத்த மீனாய் இரண்டு கேட்டு.
செவுளை விரித்துப் பார்த்தான், வயிற்றை அமத்திப் பார்த்தான்.
"நல்ல தசை. என்ன தீன் போடுறாய்?"
"பூசணி," என்றேன்.

பொய்யில்லை.
நடுவில் ஒன்றைத்தான் வெட்டினேன்.