பெருவிரல்

லான்செஸ்டன், மழை விடாத செவ்வாய்க்கிழமை.
ராய்ஸ் கில்லம் என் மேசைமேல் வைத்தான்
நீல வெல்வெட் பெட்டியை. ஆறு குழி,
ஆறு வெள்ளி விலங்கு.
"என்ன தேறும்?" என்றான்.
கட்டை லாரியை வாசலை அடைத்து நிறுத்தியிருந்தான்,
கடையின் பாதி வெளிச்சம் அதிலேயே போயிற்று.

பருத்திக் கையுறை மாட்டினேன்.
மூச்சை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.
ப்ரூஃப் நாணயங்களின் முன்னால் இருபது வருடமாக
இப்படித்தான் சுவாசிக்கிறேன்;
முத்தத்துக்கும் அப்படியே என்பாள் என் மனைவி.

எக்கிட்னா: குறையில்லை, முள் முள்ளாக எண்ணலாம்.
பிளாட்டிபஸ்: விளிம்பில் ஊசிமுனை அளவு பால்புள்ளி.
குவோல், டெவில், வாலபி மூன்றுக்கும்
பனி பூத்த உடம்பு, பின்னால் கறுத்த கண்ணாடி.
குனிந்தால் வாலபிக்குப் பின்னே
என் மூக்கு நிற்கிறது.

ஆறாவது, வோம்பேட்.
அதன் முதுகுக்கு மேலே, ஒன்றுமில்லாத வானத்தில்,
ஒரு பெருவிரல் ரேகை
வெள்ளிக்குள் இறங்கிப் பழுத்திருந்தது.
"எந்த மடையன் தொட்டான்?"

"நான்தான்."

ஆர்தர் ஆற்றுச் சாலை. இரவு இரண்டு மணி.
முதுகில் இருபத்தாறு டன் யூகலிப்டஸ்.
அழுத்தி மிதித்தால் கட்டை முன்னால் வரும்;
மிதிக்கவில்லை.
இறங்கிப் போய்ப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தான்,
அந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பதுதான்.
வோம்பேட்டின் பை பின்பக்கம் பார்த்துத் திறக்கும்
(எனக்குத் தெரியாது. இந்த விலங்கை
நானூறு முறையாவது விற்றிருக்கிறேன்).
உள்ளே சூடு. ஒரு பிடி சூடு,
இன்னும் மயிர் முளைக்கவில்லை.
அவன் கம்பளித் தொப்பிக்குள் மூன்று நாள் கிடந்தது.

நாலாம் நாள் காலையில்
இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான்.
அதற்குமேல் அவன் சொல்லவில்லை.
நான் லென்ஸைத் துடைத்தேன்.
சுத்தமாகத்தான் இருந்தது.

ஐந்துக்கு விலை எழுதினேன்.
ஆறாவதைத் தராசில் போட்டேன்:
"இதற்கு எடைக் காசுதான். முப்பத்தொரு கிராம்."
"அவ்வளவுதான் இருந்தது அதுவும்" என்றான்,
பிறகு, "இல்லை, கொஞ்சம் கூட."

ஐந்தையும் கொடுத்துவிட்டு
வோம்பேட்டை எடுத்து, கூடில்லாமல், உறையில்லாமல்,
லாரிச் சாவி கிடந்த பையில் போட்டான்.
"சாவி! கீறல் விழும்!"
கதவுவரை ஓடிக் கத்தியிருக்கிறேன்.
எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

லாரி நகர்ந்ததும் கடைக்குள் வெளிச்சம் வந்தது.
ஐந்து விலங்கும் ஒரு பள்ளமும்.
தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்,
கையுறையோடு.